அஃறிணைக்குப் போன கம்ப்யூட்டர்

கன்டீனில் மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே வந்து உட்கார்ந்த அக்கா கைப்பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, அதே குட்டிப் புத்தகம்தான். அந்த மாதம் அவர் வேலைக்கு வந்த 24 நாட்களும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன எண். 11, 7, 14, 3, 13...

“தம்பி, ஓ.டி. முடிஞ்சு நான் கைரேகை வைக்கிற நேரம் ஒண்ணு. சம்பள சிலிப்புல வர்ற நேரம் ஒண்ணு. நடுவுல விழுந்துபோன நிமிஷம் இதெல்லாம். கூட்டிப் பாத்தா 232 வருது. அதெல்லாம் எங்க போச்சு?”

வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன். “அது, கம்ப்யூட்டர் அப்படித்தான்கா கணக்குப் போடும்.”

“ஓ, கம்ப்யூட்டரா...” என்றார். புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மகனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டார்.

அந்தக் கணக்கைப் போட்டது கம்ப்யூட்டர் இல்லை. நான். எச்.ஆர். பிரிவில் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது, ‘எஞ்சினியருக்கு எக்செல் தெரியும்’ என்று அந்த ஃபைலை என் தலையில் கட்டினார்கள். கூடுதல் நேரத்தை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, மிச்சத்தை விட்டுவிட வேண்டும் என்பது கட்டளை. எக்செலில் அதற்கு ஃப்ளோர் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஃப்ளோர் என்றால் தரை. 11 நிமிடம் என்றால் 11-ம் தரையில் விழுந்துவிடும். எழுதி முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏன் மேல்பக்கம் ஏற்றாமல் கீழ்ப்பக்கம் வெட்டுகிறோம் என்று நான் கேட்கவும் இல்லை.

அக்காவின் மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். அதை 26-ஆல் வகுத்து, பிறகு 8-ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணி நேர ஓ.டி. பத்து ரிங்கிட் 82 சென். 232 நிமிடத்துக்கு 41 ரிங்கிட் 83 சென் வருகிறது. இந்தக் கணக்கை அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து போட்டேன். தொகையைவிட வேறொன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. 24 நாள் விடாமல் எழுதி, கூட்டி, என்னைத் தேடி வந்து கேட்ட ஒரு மனுஷி, அந்த ஒரே சொல்லைக் கேட்டதும் ஏன் உடனே விட்டுவிட்டார்? அதுவே நான் “எச்.ஆர். மேனேஜர் அப்படிச் சொன்னார்க்கா” என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா? நிச்சயம் மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அந்த இரவில்தான்.

கம்ப்யூட்டர் என்ற சொல் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதாக ஆக்ஸ்ஃபர்ட் அகராதி காட்டும் முதல் இடம் 1613-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது மின்சாரமும் இல்லை, எந்திரமும் இல்லை. அந்தச் சொல் குறித்தது ஒரு மனிதரை. கணக்குப் போடுகிறவர். தையல் போடுகிறவர் தையற்காரர் என்பதைப் போல. அதற்குப் பிறகு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே முதலில் ஆள்தான். சம்பளம் வாங்குகிற, தலைவலி வருகிற, சில சமயம் ஏமாற்றுகிற ஆள்.

ஏமாற்றியதற்குச் சாட்சியே இருக்கிறது. 1767-லிருந்து இங்கிலாந்தில் ‘நாட்டிகல் அல்மனாக்’ என்ற ஆண்டுப் பஞ்சாங்கம் வெளிவந்தது. நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, நிலவின் நிலையை முன்கூட்டியே கணித்துத் தரும் நூல் அது. தயாரித்தவர் வானியலாளர் நெவில் மாஸ்கலின். நாட்டின் பல ஊர்களில் இருந்த ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அவர்கள் வீட்டிலிருந்தே கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். இன்றைய சொல்லில், ஒர்க் ஃப்ரம் ஹோம். ஒரே மாதத்தின் கணக்கை இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போட வேண்டும், மூன்றாவது ஆள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கீச், ராபின்ஸ் என்ற இருவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள். இரண்டிலும் ஒரே தவறு ஒரே இடத்தில் வந்ததும் பிடிபட்டு, வேலை போனது. பள்ளிக்கூட ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அதே பஞ்சாங்கத்துக்குக் கணக்குப் போட்ட இன்னொரு கம்ப்யூட்டர், லட்லோ ஊரைச் சேர்ந்த மேரி எட்வர்ட்ஸ். பதிவேட்டில் இருந்தது அவருடைய கணவரின் பெயர். 1784-ல் கணவர் இறந்தபோதுதான், இத்தனை வருடமும் பெரும்பாலான கணக்கைப் போட்டது நான்தான், வேலையை எனக்கே கொடுங்கள் என்று மேரி மாஸ்கலினிடம் கேட்டார். கிடைத்தது. அவருக்குப் பின் மகள் எலைசா அதே வேலையைத் தொடர்ந்தார். 1832 வாக்கில் எல்லாக் கணக்கையும் லண்டன் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை. எலைசாவின் வேலை அதோடு முடிந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோது ஆசியாவிலும் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தார். ராதாநாத் சிக்தார். கல்கத்தாக்காரர், இந்து கல்லூரி மாணவர். 1831-ல், 18 வயதில், இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைத் திட்டத்தில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் அப்போது சர்வேயர் ஜெனரல். களத்தில் தியோடலைட் வைத்துக் கோணம் அளப்பது ஒரு வேலை. அந்தக் கோணங்களை உயரமாகவும் தூரமாகவும் மாற்றுவது இன்னொரு வேலை. சிக்தாருடையது இரண்டாவது. பூமி வளைந்திருப்பதைக் கழிக்க வேண்டும். காற்றினுள் வரும்போது ஒளி வளைவதைக் கழிக்க வேண்டும். எல்லாம் மடக்கை அட்டவணையை வைத்து, கையால்.

1849-ல் அவர் கல்கத்தாவில் தலைமைக் கம்ப்யூட்டர். பதவியின் பெயரே அதுதான், சீஃப் கம்ப்யூட்டர். 160 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து அளக்கப்பட்ட ஓர் இமயச் சிகரத்தின் கணக்கு அவருடைய மேசைக்கு வந்தது. சிகரத்துக்குப் பெயர் இல்லை, ‘பீக் 15’ என்று எண் மட்டும் இருந்தது. உலகிலேயே உயரமானது இதுதான் என்று 1852 வாக்கில் அந்தக் கணக்குகள் காட்டின. 1856-ல் வெளியே அறிவித்தபோது உயரம் 29,002 அடி. இதில் ஒரு கதை உண்டு. சராசரி சரியாக 29,000 என்றே வந்ததாம். முழு எண்ணாகப் போட்டால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன மாதிரி இருக்கும் என்று இரண்டு அடியைச் சேர்த்தார்களாம். கதை உண்மையோ பொய்யோ, ஃப்ளோர் எழுதிய எனக்கு அந்த இரண்டு அடி கொஞ்சம் வலித்தது. மலையின் கௌரவத்துக்காக இல்லாத இரண்டு அடியைச் சேர்க்கிறார்கள். நாங்கள் இருக்கிற 11 நிமிடத்தை வெட்டுகிறோம்.

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் போனது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது 1843-ல் டேராடூனில் நடந்தது. சர்வே துறையின் கூலியாட்களை வான்சிட்டார்ட் என்ற ஆங்கிலேய மாஜிஸ்திரேட் சட்டத்துக்குப் புறம்பாக வேலை வாங்கினார். சிக்தார் அதை எதிர்த்து நின்றார். மாஜிஸ்திரேட்டோடு மோதினால் என்ன ஆகும்? வழக்குப் போட்டார்கள். சிக்தாருக்கு 200 ரூபாய் அபராதம். கட்டினார்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு கம்ப்யூட்டர், கூலிக்காரர்களுக்காகச் சண்டை போட்டு அபராதம் கட்டியிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். வாக்கியம் தப்பாக இருந்தது. ‘கட்டியிருக்கிறார்’ என்று திருத்தினேன். அப்போதுதான் விஷயமே புரிந்தது. தமிழில் திணை இருக்கிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லைப் பார்த்துச் செய்தது ஆளா பொருளா என்று சொல்ல முடியாது. தமிழில் சொல்லாமல் இருக்கவே முடியாது. கணித்தார் அல்லது கணித்தது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே மனிதர் உயர்திணை, மற்றவை அஃறிணை என்ற பிரிவில்தான். கம்ப்யூட்டர் என்ற சொல் உயர்திணையிலிருந்து அஃறிணைக்குப் போன ஒரு சொல். ஆங்கிலத்தில் அது சத்தமில்லாமல் நடந்தது. நம் மொழியில் நடந்திருந்தால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் கேட்டிருக்கும்.

எப்போது போனது என்பதைக்கூட ஓரளவு காட்ட முடியும். ஆலன் டியூரிங் 1936-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் கம்ப்யூட்டர், கட்டம் போட்ட தாளில் எழுதி எழுதி அழிக்கிற ஒரு மனிதர். அவரைப் பற்றி ‘அவன்’ என்று எழுதுகிறார், அவன் மனநிலையைப் பற்றிப் பேசுகிறார். 1950-ல் அதே டியூரிங், எந்திரம் சிந்திக்குமா என்று கேட்கும் கட்டுரையில் ‘மனிதக் கம்ப்யூட்டர்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. 14 வருடத்தில் மனிதருக்கு அடைமொழி தேவைப்பட்டுவிட்டது. நம் ஊரில் கோழிக்கு நடந்ததும் இதுதான். முன்பு கோழி என்றால் கோழி. பண்ணைக்கோழி வந்தபிறகு அசல் கோழி ‘கம்போங் கோழி’ ஆகிவிட்டது. அசலுக்கு அடைமொழி வந்துவிட்டால் பெயர் கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் போர். பிலடெல்ஃபியாவில் இளம்பெண்கள் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டார்கள். ஒரு பாதைக்கு, மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு 30 மணி நேரத்துக்கு மேல். அவர்களுடைய பதவிப் பெயர் கம்ப்யூட்டர். அந்த வேலையைச் செய்யக் கட்டப்பட்ட எனியாக் எந்திரம் அதே பாதையை அரை நிமிடத்தில் முடித்தது. எனியாக் என்ற சுருக்கப் பெயரின் கடைசி எழுத்து விரிந்தால் கம்ப்யூட்டர்தான். அதை இயக்க வயர் வயராகச் செருகி நிரல் அமைத்த ஆறு பேரும் அந்தப் பெண் கம்ப்யூட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். 1946 பிப்ரவரியில் எந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். அன்றிரவு விருந்து. அந்த ஆறு பேரை விருந்துக்கு அழைக்கவில்லை.

தமிழுக்கு இந்த வரலாறு வந்து சேரவே இல்லை. சொல் நம்மிடம் வந்தபோது அதற்குள் இருந்த ஆள் இறங்கிப் போயிருந்தார். கணிப்பொறி, கணிப்பான், கணினி என்று நாம் பெயர் தேடியபோது தேடியது ஒரு பொருளுக்கு. கணினி அழகான சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் அது பிறவியிலேயே அஃறிணை. நம்மிடம் ஆளுக்கான சொல் தனியாக, பழசாக, இருந்தது. கணியன். நாளும் கோளும் பார்த்துக் கணிக்கிறவர். பூங்குன்றனாரின் பெயருக்கு முன்னால் நிற்பது அந்தத் தொழில்தான். கணியனும் கணினியும் ஒரே வேரில் பிறந்தும் ஒன்றுக்கொன்று தெரியாமலே இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்பதா, இருக்கின்றன என்பதா? திணை இங்கும் இடிக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பழைய காலத்தில் மனிதர் கணக்குப் போட்டபோது நியாயம் இருந்தது என்று நான் சொல்ல வருவதாக யாராவது நினைத்தால், இல்லை. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு நேரம் கழித்துப் போனால் கிராணி அரைநாள் என்று எழுதிவிடுவாராம். கிராணியும் ஒரு கம்ப்யூட்டர்தான், முழு மனிதர். கேட்டால் ‘துரை உத்தரவு’ என்பாராம். நான் ‘கம்ப்யூட்டர்’ என்றதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் சிக்தார் இல்லை. கீச், ராபின்ஸ் மாதிரி பக்கத்துத் தாளைப் பார்க்கிறவர்கள், அல்லது கிராணி மாதிரி உத்தரவைக் காட்டுகிறவர்கள். மேலும் 30 மணி நேர வேலை அரை நிமிடத்தில் முடிவது மனிதருக்குக் கிடைத்த விடுதலை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மடக்கை அட்டவணையோடு என்னால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆனால் பாட்டி சொன்னதில் இன்னொரு வரி இருக்கிறது. அலுவலக வாசலில் நின்று கிராணியோடு சண்டை போடுவாராம். “ஜெயிச்சீங்களா பாட்டி?” என்று ஒருமுறை கேட்டேன். “எங்க ஜெயிக்கிறது! ஆனா அந்தாளு ஒரு வாரத்துக்கு என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டான்.”

அந்த ஒரு வாரம்தான் விஷயம் என்று நினைக்கிறேன். தப்பான கணக்கு எந்திரத்திலும் வரும், மனிதரிடமும் வரும். மனிதரிடம் வந்தால் வெட்கப்பட ஓர் ஆள் இருக்கிறார். அவர் மாறலாம், மாறாமலும் போகலாம். அபராதம் கட்டலாம், வேலையை விடலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், எந்திரம் போட்ட எண்களை கேத்தரின் ஜான்சன் ஒருமுறை கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டதில் நான் பார்ப்பதும் இதைத்தான். எந்திரத்தைவிட அவர் வேகமானவர் என்று கிளென் நினைத்திருக்க மாட்டார். சரி என்று சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் என்ற சொல் அஃறிணைக்குப் போனபோது கணக்குப் போடும் திறமை கூடவே போனது. முடியாது என்று சொல்லும் திறமை மட்டும் எங்கும் போகவில்லை, அது மனிதரிடமே இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்கு இப்போது பெயர் இல்லை. கன்டீனில் நான் செய்ததும் அதுதான். வாக்கியத்தின் எழுவாயில் நான் உட்கார வேண்டிய இடத்தில் வெட்கப்படத் தெரியாத ஒன்றை உட்காரவைத்தேன். அக்கா சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். சண்டை போட ஆள் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு வேடிக்கை. நண்பர்கள் பேசும்போது கேட்கிறேன், “சாட்ஜிபிடி என்ன சொல்றான்?”, “அவன்கிட்டயே கேளேன்.” எந்திரம் உயர்திணைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அதே எந்திரம் ஆபாசமாகப் பேசாமலிருக்க, கொடூரமான எழுத்துகளை நாள் முழுக்கப் படித்து முத்திரை குத்தியவர்கள் நைரோபியில் இருந்த தொழிலாளர்கள், மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலிக்கு என்று 2023 ஜனவரியில் ‘டைம்’ இதழ் எழுதியது. அவர்களை யாரும் அவன் என்றும் சொல்வதில்லை, அவள் என்றும் சொல்வதில்லை. அவர்களுக்குப் பெயர் ‘டேட்டா’. மேரி எட்வர்ட்ஸுக்காவது கடைசியில் தன் பெயரைச் சொல்லிக் கேட்க ஒரு மாஸ்கலின் இருந்தார்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். முதல் வரைவில் ‘சிஸ்டம் நிமிடங்களைக் கழிக்கிறது’ என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘நான் எழுதிய ஃபார்முலா நிமிடங்களைக் கழிக்கிறது’ என்று மாற்றினேன். அனுப்பும் முன் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தொழிலாளர் நலத் தணிக்கைக்கு ஆள் வரப்போவதாகத் தெரிந்தது. மறுநாளே ‘அடுத்த மாதத்திலிருந்து நிமிடக் கணக்கு’ என்று உத்தரவு வந்துவிட்டது. என் மின்னஞ்சலால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்.

ஃபார்முலாவை மாற்றிய அன்று சாயங்காலம் ஃபேக்டரி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அக்கா வரிசையில் இருந்தார்.

“அக்கா, அன்னைக்குக் கேட்டீங்கள்ல, அந்த நிமிஷக் கணக்கு. அது கம்ப்யூட்டர் இல்ல. நான்தான் எழுதினது.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தெரியும் தம்பி,” என்றார். “எக்செல் ஃபைல்ல உன் பேர் இருக்குன்னு லைன் லீடர் சொன்னான். அதனாலதான உன்கிட்ட வந்தேன்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து முழு நிமிடமும் வரும் என்று மட்டும் சொன்னேன். பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

“சரி, பழைய பாக்கி?”

அதற்கு இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.